பிரான்சிலிருந்து வந்த சாம்பல்

செலியமேட்டுப் பக்கம் யாரோ கரும்பு வெட்டிய கொல்லையில் காய்ந்த தோகையை, சோகையைக் கொளுத்தியிருக்கிறார்கள். கடைக்குள் கருகல் நாற்றம். கல்லாப்பெட்டி மேல் கரித்தூள் வந்து விழுகிறது. என் கை தானாகக் கழுத்தைத் தடவுகிறது. உன் விரல்கள் அழுந்திய இடம்.

பல வருஷங்களுக்கு முன், அன்றும் இதே நாற்றம்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், டி.வி. பார்க்கப் பாகூர்க் கடைத்தெருவே எங்கள் மளிகைக்கடைக்குள் இருந்தது. அணுகுண்டுப் போருக்குப் பிறகு என்ன ஆகும் என்று ஓர் இங்கிலீஷ் நாடகம். ஊரே எரிந்து கிடந்தது. தோல் உரிந்து தொங்கியவர்கள் ஒரு ரொட்டித் துண்டுக்காக ஒருவனைக் கல்லால் அடித்தே கொன்றார்கள். வானத்திலிருந்து சாம்பல் கொட்டிக்கொண்டே இருந்தது. அந்த நேரம் பார்த்து, வெளியே எரிந்த சோகையின் சாம்பல் பறந்துவந்து, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் கைமேல் விழுந்தது.

"இன்னாடா இது? எந்த ஊருடா?" என்று கேட்டாய்.

எனக்கு அப்போது வாய்க்கொழுப்பு அதிகம். "பிரான்ஸ்டா. நெசமாவே குண்டு போட்டுட்டான். சாம்பலு இங்க வரிக்கும் வந்துடுச்சி பாரு" என்றேன். கடையே சிரித்தது.

நீ சிரிக்கவில்லை. உன் அண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் அங்கேதான் இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாத உனக்கு அவர் கடிதங்களைப் படித்துக் காட்டியவன் நான். நான் படித்ததில் ஒரு சொல்லைக்கூட நீ சந்தேகப்பட்டதில்லை. அப்படியே இதையும் நம்பினாய்.

உன் கையிலிருந்து ஐந்து கிலோ எடைக்கல் பறந்தது. டி.வி. வெடித்துச் சிதறியது. முன்னால் உட்கார்ந்திருந்தவன் நெற்றி கிழிந்து ரத்தம் கொட்டியது. அதற்குள் என் கழுத்து உன் பிடியில்.

"எங்கண்ணன் உயிரோட கீறானா இல்லியா, சொல்றா!"

என் தலையைச் சுவரில் மோதினாய். நாடகம்டா என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூச்சே வரவில்லை. என் அத்தா, பெற்ற மகனைக் காப்பாற்ற, கடைக் கதவின் இரும்புப் பட்டையால் உன் கையில் ஓங்கி அடித்தார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அப்போதும் உன் மறு கை என்னை விடவில்லை. சிரித்தவர்களே உன்னைத் தெருவில் இழுத்துப்போட்டு மிதித்தார்கள், பைத்தியம் என்றார்கள். நிறுத்துங்கள் என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. மூச்சு திரும்பி வெகுநேரம் ஆகியிருந்தது. கோழை நான், வேறென்ன.

அதன்பிறகு நீ எங்கள் கடைப்பக்கமே வரவில்லை. போன மாதம் மோட்டார் கொட்டகையில் கரண்ட் உன்னை அடித்துப் போட்டது. உன் காரியம் முடிந்த மறுநாள் உன் மனைவி ஒரு கட்டோடு வந்தாள். உன் அண்ணன் அனுப்பிய ஏழு கடிதங்கள். ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

"வேற யாரையும் படிக்க வுட மாட்டாரு பாய். லெட்டர் கவரு வந்தாலே போதும், அண்ணன் உயிரோடதான் கீறாருன்னுவாரு."

முதலில் வந்ததைப் பிரித்தேன். 'தம்பி, உன் கை உடைந்ததாக ஊரிலிருந்து வந்தவர் சொன்னார். எப்படி உடைந்தது? இதை உன் சிநேகிதன்தான் படிப்பான். அவனையே விவரமாக எழுதச் சொல்.'

நீ சொல்லவில்லை. ஆனாலும் எழுத உட்கார்ந்திருக்கிறேன். தாளில் கரித்தூள் விழுகிறது. ஊதித் தள்ளிவிட்டு எழுதுகிறேன்: 'அண்ணே, உடைத்தது நான்தான்.'