கூழில் நனைந்த மீசை

ஆடி 4, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மேல்காற்று. மலையாளத்துப் பக்கம் நல்ல மழை போல, நமக்குச் சாரல்தான். காயப்போட்ட சேலை பறந்து பக்கத்து வீட்டுப் பேச்சி அக்காவின் முருங்கை மரத்தில். அவர்கள் வீட்டுச் சேவல் அதன் மேல் ஏறி நின்று கூவுகிறது. எடுத்து வந்து மறுபடியும் துவைத்தேன்.

முளைப்பாரிக்கு விதை போட்டாயிற்று. தட்டாம்பயறு, மொச்சை, பாசிப்பயறு. எல்லார் சட்டியும் பூசாரி வீட்டு இருட்டறையில். அடுத்த செவ்வாய் வரை வெயில் படக்கூடாது. அதுவரை சாயந்திரம்தோறும் அம்மன் கோயில் திடலில் கும்மி. பாட்டுக் கேட்டால்தான் பயிர் நெட்டுக்குத்தாக வருமாம்.

பங்குனியில் பயலுக்குக் காய்ச்சல் வந்து கண் செருகியபோது அம்மனிடம் ஒரு வார்த்தை சொன்னேன். பிள்ளையைக் கொடுத்துவிடு, கடைசி நாள் கும்மிக்கு நான் முன்பாட்டு பாடுகிறேன் என்று. கிடாய் நேரவில்லை, கோழி நேரவில்லை. அவை மாமனாருடையவை. இந்த வீட்டில் என்னுடையது என்று இருப்பது பாட்டு ஒன்றுதான். பயல் இப்போது அடுப்புச் சாம்பலை அள்ளித் தின்னும் அளவுக்குச் சௌக்கியம்.

இவர் ஏலக்காய் வண்டியோடு கூடலூரில். ஆடி முடிந்துதான் வருவார்.

ஆடி 5, புதன்

காற்று நிற்கவில்லை. யுத்தம் என்று மண்ணெண்ணெயும் இல்லை. பயல் தூங்கும் நேரம் பார்த்து, பகலிலோ அடுப்பு வெளிச்சத்திலோ எழுதினால்தான் உண்டு.

வீட்டில் பெரிய ரகளை. மாமனாரால். (முழுதாக எழுதச் சோம்பல். இனி அவர் மா., மாமியார் அத்தை அ.)

பயலுக்குக் கூழ் ஊட்டும்போது சும்மா வாயில் வந்ததுதான்:

கூழு குடிச்சாக்க மீசை நனையுது
கோபம் வந்தா அது காயுதடி

பயல் கைகொட்டிச் சிரித்தான். சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சி அக்கா கேட்டிருக்கிறாள். நேற்றுக் கும்மியில் எடுத்து விட்டுவிட்டாள். இந்தத் தெருவில் அவ்வளவு பெரிய மீசை ஒன்றுதான். இன்று காலை சாவடியில் யாரோ மா.வைப் பார்த்து, மீசை காய்ந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறார்கள்.

வந்தார். செருப்பைக் கழற்றவில்லை. யாரையும் பார்க்காமல் தூணைப் பார்த்துச் சொன்னார்:

"இனிமே இந்த வீட்டுல பாட்டுச் சத்தம் கேக்கப்படாது."

தூண் பதில் சொல்லவில்லை. நான் செருப்பு மண்ணைக் கூட்டித் தள்ளினேன்.

கும்மிக்கும் சேர்த்துத்தான் அது என்று எல்லாருக்கும் தெரியும். சாயந்திரம் நான் போகவில்லை. திடலில் கைதட்டுகிற சத்தம் காற்றில் வந்து வந்து போனது. அழுகையாக வந்தது. கோபத்தில்தான்.

அ. அடுப்படியில் காதோரம் வந்து, "நேத்திக்கடன் இருக்குன்னு சொல்லு. விட்டுருவாக" என்றாள்.

சொல்ல மாட்டேன். சொன்னால் விடுவார், தெரியும். அம்மனுக்குப் பயந்து விட்டதாக ஆகும். நாளைக்குக் கடன் தீர்ந்ததும் மறுபடி வாயை மூடு என்பார். நான் பாடுவது பாட்டுக்காகவே நிற்க வேண்டும்.

ஆடி 6, வியாழன்

பாட்டுச் சத்தம் கூடாது என்றால் கூடாது. சொன்ன சொல்லை அப்படியே காப்பாற்றுகிறேன்.

நேற்றிலிருந்து பாடாதவை: பால் கறக்கும்போது. கம்பு குத்தும்போது. கோழி அடைக்கும்போது. முக்கியமாகத் தாலாட்டு.

எருமை திரும்பித் திரும்பிப் பார்த்தது. காலை மாற்றி மாற்றி வைத்தது. அரைச் செம்புகூட இறங்கவில்லை. மா.வுக்கு மோர் இல்லை.

பயல் நேற்று ராத்திரி முழுக்க வீறல். தொட்டிலை ஆட்டினேன், வாயைத் திறக்கவில்லை. அ. பாடப் போனாள், பிறகு மா. இருக்கும் பக்கம் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். கடைசியில் மா. தானே தூக்கிக்கொண்டு முற்றத்தில் நடந்தார். பயல் அவர் மீசையைப் பிடித்துத் தொங்கினான். என் பிள்ளையல்லவா.

ஆடி 7, வெள்ளி

பயல் பகலிலும் தூங்கவில்லை. எழுத நேரம் இல்லை. எனக்கும் இதில் நஷ்டம்தான். இருக்கட்டும்.

பேச்சி அக்கா வந்தாள். மன்னிக்கச் சொன்னாள். என் சட்டியில் முளை மஞ்சளாக இருக்கிறதாம். இருட்டில் எல்லார் முளையும் மஞ்சள்தான் என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் பயம்தான்.

ஆடி 8, சனி

தோட்டத்துக்குக் கூழ் கொண்டுபோனேன். சாரல் விட்டு வெயில். மாடு பூட்டிக் கமலையில் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கிறார் மா. தூரத்திலேயே கேட்டுவிட்டது, கமலைப் பாட்டு. என்ன குரல் அவருக்கு. பாட்டின் இழுப்புக்குத்தான் மாடு பின்னுக்கு வருகிறது, முன்னுக்குப் போகிறது. நல்ல பாட்டு. ஒளிக்காமல் எழுதுகிறேன், நின்று ரசித்தேன்.

என்னைப் பார்த்ததும் சட்டென்று வாயை மூடினார். மாடும் நின்றுவிட்டது. தண்ணீர் நிரம்பிய சால் பாதிக் கிணற்றில் தொங்குகிறது.

"பாட்டுச் சத்தம் கேக்கப்படாதுன்னு சொன்னீக, மாமா."

"அது வீட்டுல. இது தோட்டம்."

"அப்பக் கும்மித் திடல் மட்டும் வீடா, மாமா?"

கல்யாணமாகி வந்ததிலிருந்து அவரிடம் இவ்வளவு நேராகப் பேசியதில்லை.  கலயத்தைக் கீழே வைத்துவிட்டு நின்றேன்.

 மாட்டை அதட்டினார். நகரவில்லை. வாலைப் பிடித்து முறுக்கினார். மாடு வாலை உருவிக்கொண்டது. கடைசியில் எனக்கு முதுகைக் காட்டி, மெல்லிய குரலில், பாடினார். மாடு நடந்தது. நானும் நடந்தேன்.

ஆடி 9, ஞாயிறு

வேலை: புளி உடைத்தது. தொட்டில் கயிறு மாற்றியது.

கும்மிக்கு வா என்றும் யாரும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. நாளைதான் கடைசி நாள். யார் சொல்லவும் காத்திருக்கப் போவதில்லை.

ஆடி 11, செவ்வாய், காலை

இன்னும் கொஞ்ச நேரத்தில் பாரி எடுத்து முல்லையாற்றுக்குப் போக வேண்டும். அதற்குள் நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

விளக்கு வைத்ததும் தலை சீவிப் பூ வைத்துக்கொண்டு வாசலில் இறங்கினேன். மா. கட்டிலில் இருந்தார். பார்த்தார். நான் நிற்கவில்லை.

திடலில் நடுவில் முளைச் சட்டிகள், சுற்றிப் பெண்கள், புளியமரத்தடியில் ஆம்பளைகள். பேச்சி அக்கா விலகி எனக்கு இடம் விட்டாள். அம்மனைப் பாடினேன், ஆற்றைப் பாடினேன், என் எருமையைப் பாடினேன். பாதியில் பார்க்கிறேன், புளியமரத்தடியில் மா. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார். பக்கத்தில் அ., இடுப்பில் பயல்.

கைத்தட்டல் மட்டும் நடக்கிறது. எல்லாரும் என் வாயைப் பார்க்கிறார்கள். மீசைப் பாட்டை விட்டுவிடலாம். அம்மன் கடன் தீர்ந்துவிட்டது, யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

அவரைப் பார்த்துக்கொண்டே பாடினேன். இரண்டு அடியும். சத்தமாக.

சிரிக்க எல்லாருக்கும் பயம். அப்போதுதான் அ. இடுப்புப் பிள்ளையோடு வட்டத்துக்குள் வந்தாள்:

மீசை நனைஞ்சதப் பாத்தவ பாடுறா
மூக்கு பாடுறதக் கேட்டவ நான்

மா.வின் குறட்டையைத்தான் சொல்கிறாள். திடல் முழுக்கச் சிரிப்பு. பேச்சி அக்கா தரையில் உட்கார்ந்தேவிட்டாள். மா. துண்டை எடுத்து மூக்கையும் மீசையையும் சேர்த்து மூடிக்கொண்டார். உள்ளே என்ன முகம் என்று தெரியவில்லை.

என் சட்டியில் முளை ஒரு சாண், நேராக.

இன்று காலை கூழ் கேட்டார். கொடுத்தேன். குடித்தார். மீசை நனைந்தது, துடைக்கவில்லை. கலயத்தைத் திருப்பித் தரும்போது, தூணைப் பார்த்தபடி, அடுத்த அடி கட்டிவிட்டாயா என்று கேட்டார்.

"இன்னும் இல்ல, மாமா" என்றேன்.

பொய்.