அரைகுறை வெள்ளியும் நான்காம் விதியும்

3 நவ., திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. முடிச்சூர்ப் பக்கம் தண்ணீர் என்று கம்பெனி பஸ் முக்கால் மணி தாமதம். சிறுசேரியில் இறங்கியபோது பத்தரை. குடையை பஸ்ஸிலேயே விட்டேன். இந்த வருஷம் மூன்றாவது.

போட்டிக்கு நேற்றோடு கடைசி நாள் முடிந்தது. மொத்தம் முப்பத்தெட்டு பேர். இவ்வளவு பேர் வருவார்கள் என்று நினைக்கவில்லை. எங்கள் ‘கைப்பழக்கம்’ குழுவுக்கு இதுதான் முதல் போட்டி. பொழுதுபோக்காக வீட்டில் சாமான் செய்து பார்க்கிறவர்களுக்கு மட்டும். தலைப்பு: சமையலறையில் ஒருவருக்கு உதவும் பொருள். பரிசு ஒரு 3டி பிரிண்டர். அதைவிட முக்கியம், ஜெயித்த வடிவத்தைச் செய்தவர் பெயரோடு இணையத்தில் போடுவோம். யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்துகொள்ளலாம்.

விதிகளை எழுதியது நான். குழுவை நடத்தும் ரமேஷ் சொன்னது: “மேடம், ஆபீஸ்ல மேனுவல் எழுதுறவங்க நீங்க. ஒரு ஓட்டை இல்லாம எழுதிக் குடுங்க.” ஒன்பது விதி. ஓட்டை இல்லை. பெருமையாகக்கூட இருந்தது.

நடுவர் வெளியூர். அவருக்குப் பெயர்கள் போகாது. படிவங்களைச் சரிபார்த்து அனுப்புவது மட்டும் என் வேலை.

வாங்க: பூண்டு, கொடிக்கயிறு, குடை (மலிவாக).

4 நவ., செவ்வாய்

தூறல். துணி எதுவும் காயவில்லை. வீடு முழுக்க ஈர வாடை.

படிவங்கள் பார்த்தேன். நான்காம் விதி: ‘வடிவத்தை இதற்கு முன் எங்கும், யாருக்கும் காட்டியிருக்கக் கூடாது.’ படிவத்தில் அதற்கு ஒரு கேள்வி, ஆம் / இல்லை. முப்பத்தேழு பேர் இல்லை. ஒருவர் ஆம்.

அந்த ஒருவர் ஸ்டெல்லா. எதிர் வீட்டு ஸ்டெல்லா. கீழே நறுக்கென்று ஒரு வரி: ‘செப்டம்பரில், அரைகுறை வெள்ளியில் காட்டினேன்.’

படிவத்தை மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

அரைகுறை வெள்ளி எங்கள் குழு வழக்கம். வெள்ளிக்கிழமைகளில் முடியாத வேலையைப் படம் எடுத்துப் போடலாம். கோணல், விரிசல், எரிந்த ஓரம், எதுவானாலும். யாரும் கிண்டல் செய்யக் கூடாது, யோசனை மட்டும். ஞாயிறு மாலை ரமேஷ் எல்லாவற்றையும் அழித்துவிடுவார். கூச்சமில்லாமல் காட்டத்தான் இந்த ஏற்பாடு. விதி எழுதும்போது இது எனக்கு நினைவே வரவில்லை. வேறெங்கோ கிடைத்த வடிவத்தை இறக்கித் தன்னுடையது என்று போடுகிறவர்கள்தான் என் கண்ணில் இருந்தார்கள்.

அவளை வெள்ளிக்கிழமை போடச் சொன்னதே நான். “சும்மா போடுடி. பிளேடை எங்க வைக்கிறதுன்னு யாராவது சொல்வாங்க.”

அவள் செய்தது பால் பாக்கெட் தாங்கி. பாக்கெட்டை உள்ளே நிறுத்தினால் இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மூலையை ஒரு பிளேடு வெட்டும். அப்படியே சாய்த்தால் சிந்தாமல் பாத்திரத்தில் விழும். ஒரு கை போதும். அவள் கணவர் டேனியல் அண்ணாவுக்குப் போன வருஷம் பக்கவாதம் வந்து வலது கை போய்விட்டது. அதற்கு முன்னால் அந்த வீட்டில் காலைக் காபி எப்போதும் அவர் வேலை.

இன்னொன்று. ‘இல்லை’ போட்டவர்களில் ஐந்து பேருடைய சாமானையாவது நான் வெள்ளிக்கிழமைகளில் பார்த்திருக்கிறேன். அப்பளம் எடுக்கும் இடுக்கி நன்றாக நினைவிருக்கிறது. படங்கள்தான் இல்லை.

5 நவ., புதன்

வெயில். கம்பெனி பஸ்ஸிலிருந்தே ரமேஷுக்கு போன்.

“படம் இருக்கா மேடம்?”

“ஞாயித்துக்கிழமை நீங்கதானே அழிச்சீங்க?”

“அப்ப ப்ரூஃப் இல்ல. அவங்க இல்லைங்கிறாங்க. இவங்க ஆமாங்கிறாங்க. நான் என்ன பண்ண?”

வெள்ளிக்கிழமை காட்டியது செல்லும் என்று இப்போது அறிவித்துவிடலாமே என்றேன்.

“செல்வத்துக்கு என்ன பதில் சொல்வீங்க?”

செல்வம் குன்றத்தூர்க்காரர். வெல்டிங் பட்டறை. கடைசி நாளுக்கு நாலு நாள் முன்னால் குழுவில் கேட்டிருந்தார்: ‘வெள்ளிக்கிழமை காட்டினதை அனுப்பலாமா?’ மேடவாக்கம் சிக்னலில் பஸ் நின்றபோது நான் பதில் போட்டேன்: ‘விதி 4 பார்க்கவும்.’ மூன்று சொல். யோசிக்கவே இல்லை. அவர் அனுப்பவில்லை.

இன்னும் இரண்டு நாள் திறந்து வைப்போம், செல்வமும் அனுப்பட்டும் என்றேன். ரமேஷ் சிரித்தார்.

“எதிர் வீட்டு ஃப்ரெண்டுக்காக மேடம் கதவைத் திறந்தாங்கன்னு பேசுவாங்க. உங்களுக்குத் தேவையா?”

தேவையில்லை என்று தோன்றியது. ஸ்டெல்லாவின் படிவத்தைத் தள்ளிவைத்துவிட்டு மற்ற முப்பத்தேழையும் நடுவருக்கு அனுப்பினேன். செல்வத்துக்கு நியாயமாக இருக்கவேண்டும் என்று முதலில் இங்கே எழுதினேன். அடித்துவிட்டேன். பயம்தான். பேசுவார்களே என்று.

6 நவ., வியாழன்

மகள் திவ்யா ஹாஸ்டலிலிருந்து போன். மெஸ்ஸில் சாம்பார் தண்ணியாம். வீட்டுக்கு எப்போது வருவாள் என்று கேட்டதற்கு மறுபடி சாம்பாரைப் பற்றியே பேசினாள்.

மாலை மாடியில் துணி எடுக்கும்போது ஸ்டெல்லாவிடம் சொன்னேன். மற்றவர்கள் வாயால் கேட்கும் முன் நானே சொல்லவேண்டும் என்று.

கிளிப்பை வாயில் வைத்துக்கொண்டே கேட்டாள். பிறகு எடுத்தாள்.

“காட்டினேன்ல? காட்டினதை இல்லைன்னு எப்படிடி போடுறது? கேள்வி நீ எழுதினது. நேர்ல நீ கேட்டா என்ன சொல்வேனோ அதைத்தான் போட்டேன்.”

“தெரியும்டி.”

“மத்தவங்க?”

பொய் சொல்ல வரவில்லை. சிலர் மாற்றிப் போட்டிருக்கிறார்கள், ஆனால் அத்தாட்சி இல்லை என்றேன்.

“கெட்டிக்காரங்க.”

துணியை மடிக்க ஆரம்பித்தாள். ஒரு போர்வையை இரண்டு பேரும் ஆளுக்கொரு முனை பிடித்துத்தான் மடிப்போம். இன்று அவளே தரையில் புரளவிட்டு மடித்தாள்.

“எனக்கு ஒண்ணும் இல்ல மாலு. அவர் தினம் கேட்டுக்கிட்டு இருக்கார். நான் சொல்லமாட்டேன். நீயே வந்து சொல்லிடு.”

7 நவ., வெள்ளி

காலை ஆறு மணிக்கு எதிர் வீடு. டேனியல் அண்ணா அடுப்படியில். தாங்கியில் பாக்கெட்டை இடது கையால் நிறுத்தி ஒரு தட்டு. மூலை வெட்டுப்பட்டு விழுந்தது. சாய்த்தார். ஒரு சொட்டு வெளியே இல்லை. நான் பார்க்கிறேனா என்று திரும்பிப் பார்த்தார்.

“அந்த வாய்... வளைவு... என் ஐடியா,” என்றார். வார்த்தைகள் ஒவ்வொன்றாகத்தான் வருகின்றன.

“தெரியும்ணா. படிவத்துல உங்க பேரையும் எழுதியிருக்கா.”

“ரிசல்ட்டா?”

சொன்னேன். நான்காம் விதி, வெள்ளிக்கிழமை, ஆம் என்று போட்டது. கம்பெனி மேனுவல் மாதிரி வரிசையாக, தெளிவாக. என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“தோத்துட்டோமா?”

“இல்லண்ணா. நடுவர் பாக்கவே இல்ல. அவருக்குப் போகல.”

பால் பொங்கி வந்தது. அடுப்பைக் குறைத்தார்.

“தோத்திருந்தா... பரவால்ல.”

காபி கொடுத்தார். குடித்தேன். சர்க்கரை போட மறந்திருந்தார். ஸ்டெல்லா அறைக்குள்ளேயே இருந்தாள். ரேடியோவில் ஏதோ செய்தி, சத்தமாக.

இன்று அரைகுறை வெள்ளி. குழுவில் ஒருவரும் ஒன்றும் போடவில்லை. விஷயம் பரவிவிட்டது போல. இனிமேல் யார் காட்டுவார்கள்?

8 நவ., சனி

முடிவு அறிவிப்பு. முதல் பரிசு அப்பள இடுக்கிக்கு. நல்ல சாமான்தான், அதில் பொய் இல்லை. எல்லாரும் கைதட்டல் படம் போட்டார்கள். நானும் போட்டேன்.

தாம்பரம் மார்க்கெட். பூண்டு, கயிறு வாங்கியாயிற்று. குடை இல்லை.

செல்வத்துக்கு போன் செய்தேன். அவசரத்தில் பதில் போட்டுவிட்டேன், மன்னிக்கவேண்டும் என்றேன். பின்னால் கிரைண்டர் சத்தம்.

“இன்னாக்கா, இதுக்கா போன் பண்ண? நான் அத்த அப்பவே மறந்துட்டேன். நீ வேற பேஜார் பண்ணிக்கினு.”

ஸ்டெல்லா விஷயத்தைச் சொன்னேன்.

“அட, அந்தப் பால் பாக்கெட்டா? சூப்பரா இருந்துச்சேக்கா. என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா சேத்துக்கோன்னு சொல்லியிருப்பேனே.”

கேட்கவில்லை. புதன்கிழமை கேட்டிருக்கலாம். அவர் நம்பர் குழுவிலேயே இருந்தது.

இரவு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினேன், குழுவில் போட. விதி எழுதியவள் நான், ஐந்து பேரை எனக்கு நினைவிருக்கிறது, உண்மை சொன்ன ஒருவர்தான் வெளியே என்று. படித்துப் பார்த்தேன். போட்டேன். ரமேஷ் பத்து நிமிஷத்தில் அழித்தார். ‘மேடம் ப்ளீஸ். முடிஞ்சு போச்சு.’

9 நவ., ஞாயிறு

மழை இல்லை. மேகமூட்டம்.

ஸ்டெல்லா குழுவிலிருந்து விலகிவிட்டாள். காலையில்தான் பார்த்தேன்.

பதினொரு மணிக்கு அழைப்பு மணி. அவள்தான், சர்ச்சுக்குக் கட்டிய புடவையோடு. கையில் ஒரு சின்ன கவர். உள்ளே எங்கள் வீட்டு மாற்றுச் சாவி. ஒன்பது வருஷமாக அவர்கள் வீட்டு ஆணியில் தொங்கியது.

“அவருக்கும் உடம்பு இப்படி. நானும் அடிக்கடி அம்மா வீட்டுக்குப் போயிடறேன். அவசரத்துக்கு எடுத்துக் குடுக்க முடியாது. வேற யார்கிட்டயாவது குடுத்து வைங்க.”

உள்ளே வா என்றேன். அடுப்பில் குழம்பு இருக்கிறது என்றாள்.

வாங்கிக்கொண்டேன்.