அட்டை கடலுக்குப் போன நாள்

புதன்கிழமை, இரவு.

இன்று கடப்பாக்கத்தில் என்னை மிஞ்ச ஆளே இல்லை. தங்கை செல்வியின் கைக்குழந்தைக்கு நிமோனியா தடுப்பூசி இரண்டாம் தவணை. முதல் ஊசிக்குக் காய்ச்சல் வந்ததால் இனி வேண்டாம் என்று அவள் புருஷன் தேவா, தடுப்பூசி அட்டையை மடியில் செருகிக்கொண்டு விடியலிலேயே கடலுக்குப் போய்விட்டான். அட்டை இல்லாமல் ஊசி போட மாட்டார்கள் என்று அவன் நினைப்பு.

செல்வி அழுதாள். போன மழைக்காலத்தில் மூத்தவள் நிமோனியாவில் மூச்சுக்குத் திணறியதை அவள் மறப்பாளா? நானே குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவளோடு சுகாதார நிலையத்துக்குப் போனேன். வரிசையில் ஆயிரம் பேர். அத்தனை பேரும் எனக்கு வழிவிட்டார்கள்.

"சிஸ்டர், அட்டை கடல்ல கீது" என்றேன்.

"அதனால இன்னா? பேரு என் நோட்டுல கீது. கால கெட்டியா புடி அண்ணாத்த!"

நான் பிடித்த பிடியில் குழந்தை அழவே இல்லை. சரி, கொஞ்சம் அழுதது.

மதியம் கரையேறிய தேவா, ஊசி போட்டது தெரிந்து கோபத்தில் குதித்தான். "காய்ச்ச வந்தா நீயா மச்சான் முழிச்சிகினு இருப்ப?"

"நான்தான் மாப்ள! நாவலூர் ஐ.டி. ஆபீஸ்காரங்களே கார்ல வந்து அவங்க புள்ளைங்களுக்குப் போட்டுக்கினு போற ஊசி இது!"

இப்போது குழந்தைக்கு உடம்பு லேசாகச் சுடுகிறது. சிஸ்டர் சொன்னபடி மருந்து கொடுத்தாயிற்று. நானும் அவர்கள் வீட்டிலேயே விழித்திருக்கிறேன். ஆனால் தேவா குழந்தையை என்னிடம் தர மாட்டேன் என்கிறான். தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்கிறான்.

"அடுத்த ஊசி எப்ப மச்சான்?" என்று இப்போதுதான் கேட்டான்.

"புள்ளைக்கு ஒம்போது மாசம் ஆவும்போது. நீயே தூக்கினு போ" என்றேன்.

தலையாட்டினான்.