கன்னத்தில் ஓர் இடம்

பாப்பாவின் அம்மாவுக்கு,

"செத்த பிள்ளையப் பொம்மையாக்குறீங்களே, நீங்க மனுசனா?" என்று கேட்டுவிட்டுக் குண்டசாலைக்கு, உன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாய். போ. நான் வேலையை நிறுத்தவில்லை. கம்ப்யூட்டரில் பாப்பாவின் முகம் முக்கால்வாசி வந்துவிட்டது.

சினிமாவுக்காகக் கம்ப்யூட்டரில் செய்யும் உருவங்களுக்குத் தோல் தீட்டுவதுதானே என் வேலை. மூக்கு நுனியின் சிவப்பு, உதட்டு வெடிப்பு, நெற்றியில் நுளம்பு கடித்த தடம், எல்லாம் போட்டோவைப் பார்த்தே தீட்டினேன். இடது கன்னம் மட்டும் வரவில்லை. எந்தப் போட்டோவிலும் அங்கே உன் திருஷ்டிப் பொட்டுத்தான் இருக்கிறது. "கண்ணு பட்டுரும்" என்று அப்பிவிடுவாய்.

அதன் கீழே என்ன இருந்தது? மச்சமா, தழும்பா? தினமும் துடைத்துக் குளிப்பாட்டியது நீ. நான் பார்க்கும்போதெல்லாம் பொட்டோடுதான் இருந்தாள்.

சும்மா ஒரு கன்னம் தீட்டிப் பார்த்தேன். யாரோ பெற்ற பிள்ளை மாதிரி இருந்தது. அழித்துவிட்டேன்.

கடைசியாகக் குளிப்பாட்டிய அன்று பொட்டு இல்லை. "வந்து முகத்தப் பாருங்க" என்று நீ கூப்பிட்டாய். நான் வாசலில் பந்தல்காரனோடு சண்டை பிடித்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வா என்று கேட்கவில்லை. அந்த இடத்தில் என்ன இருந்தது என்று மட்டும் சொல். ஒன்றும் இல்லையென்றால், ஒன்றும் இல்லை என்றாவது எழுது.

இன்னும் உன் புருசன்தான்