இடது பக்கத்துக் கம்பி

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் தங்கை எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் நலம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். இரண்டு அறை வீடு. இங்கே தும்மினால் அங்கே கேட்கிறது. செய்தி அனுப்பலாமென்றால், என் போனில்தான் அவர் பாப்பாவுக்குப் பாட்டுப் போட்டுக் காட்டுகிறார். அதனால்தான் இரண்டு பேரும் தூங்கட்டும் என்று காத்திருந்து காகிதத்தை எடுத்தேன்.

பாப்பாவுக்கு நான்காவது பல் வந்துவிட்டது. உன் போட்டோவைக் காட்டினால் 'மாமா' என்கிறாள். எதிர் வீட்டுப் பூனையையும் 'மாமா' என்றுதான் கூப்பிடுகிறாள், ரொம்பப் பூரித்துவிடாதே.

நீ எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போன காருக்குப் பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் போன ஞாயிற்றுக்கிழமை வாசலில் வைத்தே மாற்றிவிட்டார். உனக்குத்தான் தெரியுமே, நீதானே போனில் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாய். பல்பு மாற்றக்கூட ஆளைக் கூப்பிடுகிற மனிதர் இதற்கு மட்டும், 'பட்டறைக்குப் போனா தலையில மிளகாய் அரைச்சிடுவான், நானே பாத்துக்கறேன்' என்று கிளம்பியபோதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. நம் வழக்கமான மெக்கானிக் அப்படி ஆளில்லை. ஆனால் ஓட்டை வாய். வண்டியில் என்ன இருந்தது, எதனால் ஆனது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார்.

முதல் பாதி வேலைக்கு நானும் கூட இருந்தேன். ஜாக்கி வைத்துத் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் கொடுத்து, சக்கரங்களைக் கழற்றினார். டிக்கிக்குள் கம்பளத்தை விலக்கி மேல் நட்டுகளுக்கு டார்ச் அடித்தது நான்தான். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கிற கிளாம்பை வாடகைக்கு எடுத்து வந்திருந்தார். அது நழுவினால் முகத்தைப் பெயர்த்துவிடும் என்று நீ சொன்னதும், 'பாப்பாவைத் தூக்கிட்டு உள்ள போ' என்று என்னை விரட்டிவிட்டார். நியாயம்தான். போனேன். ஜன்னல் திறந்துதான் இருந்தது, அண்ணா.

'பழசு ரெண்டையும் இன்னைக்கே காயலான் கடையில போட்டுருங்க மாப்பிள்ளை, வீட்டுல கிடக்க வேணாம்' என்று நீ சொன்னாய். ஸ்பீக்கரில் உன் குரல் கணீரென்று கேட்டது. துருப்பிடித்த நட்டைக்கூடத் தூர எறியவிடாமல், 'கிடக்கட்டும், எதுக்காவது உதவும்' என்று பால்பவுடர் டப்பாக்களில் சேர்த்து வைப்பவன் நீ. அம்மா உனக்கு வைத்த பெயரே 'பழைய இரும்பு'. அந்த நீயா ஒரு சாமானைத் தூக்கிப் போடச் சொல்கிறாய்? பாப்பாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

ஞாயிறு என்பதால் கடை மூடியிருந்தது. சாக்கில் கட்டிக் குளியலறைக்குப் பின்னால் வைத்துவிட்டு அவர் குளிக்கப் போனார். நான் சாக்கைப் பிரித்தேன். வலது பக்கத்தது எண்ணெய் கசிந்து பிசுபிசுவென்று இருந்தது. கம்பியை அழுத்தினால் உள்ளே போய் அங்கேயே கிடந்தது, திரும்பி வரவில்லை. தேய்ந்தது என்றால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. இடது பக்கத்ததோ பாதி வரைக்கும் போய்ச் சிக்கிக்கொண்டது. என் கல்லூரி இரும்பு ஸ்கேலை எடுத்துக் கம்பியோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தேன். நடுவில் வெளிச்சம் தெரிந்தது. வலது பக்கத்ததில் தெரியவில்லை. நான் பிசிக்ஸ் படித்ததை நீங்கள் இரண்டு பேரும் மறந்துவிட்டீர்கள்.

சாப்பிடும்போது, ஒன்றும் தெரியாதவள் போல, இடது பக்கம் மட்டும் ஏன் வளைந்திருக்கிறது என்று கேட்டேன். 'வயசானா நாமளே கூனிப் போறதில்லையா? அதுவும் பாவம்' என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். திங்கட்கிழமை காலையில் நான் எழுந்தபோது சாக்கு இல்லை.

அந்தப் பக்கத்துச் சக்கரமும் இப்போது ஸ்டெப்னிதான். கழற்றிய சக்கரம் பஞ்சர் கடையில் இருக்கிறதாம். ஒரு பஞ்சருக்குப் பதினெட்டு நாளா?

பதினெட்டு நாள் என்று எப்படிக் கணக்குச் சொல்கிறேன் என்றால், அவர் ஸ்டெப்னி மாட்டிய அன்றைக்குத்தான் பாப்பாவுக்குத் தடுப்பூசி. எனக்குக் காய்ச்சல் என்பதால் அவர் மட்டும் அவளைக் கூட்டிப் போனார். பத்து மணிக்குப் போனவர்கள் இரண்டரைக்கு வந்தார்கள். 'ஏகப்பட்ட கூட்டம்' என்றார். பாப்பா அழுது அழுது முகமெல்லாம் வீங்கியிருந்தாள். ஊசி போட்ட குழந்தை அழத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன். அன்று சாயங்காலம் பெட்ரோல் போடவேண்டும் என்று அவர் தனியாக ஒரு தடவை வெளியே போனார். அதற்கு மறுநாளிலிருந்துதான் பின்பக்கம் 'டக் டக்' என்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார். வண்டி அடிபட்டது காலையில் போனபோதா, சாயங்காலம் போனபோதா, அண்ணா? தலைகீழாக நின்று யோசித்தாலும் எனக்கு இதைத் தாண்டிப் போக முடியவில்லை.

பாப்பாவின் கை, கால், கழுத்து, முதுகு எல்லாம் தடவித் தடவிப் பார்த்துவிட்டேன். ஒரு குறையும் இல்லை. காரில் அவளுடைய சீட்டில் உட்காரவைத்தால் மட்டும் விறைத்துக்கொள்கிறாள். எல்லாக் குழந்தைகளும் அப்படித்தான் என்கிறார் இவர். இருக்கலாம்.

வண்டி இப்போது நன்றாகத்தான் போகிறது. பின்னால் அழுத்திவிட்டால் ஒரு தடவை எழும்பி நின்றுவிடுகிறது. இறக்கிச் சக்கரம் தரையில் நின்ற பிறகுதான் கீழ் போல்ட்டைக் கடைசியாக முறுக்கவேண்டும் என்று நீ சொன்னதையும் அப்படியே செய்தார். வேலையில் நான் குறை சொல்லவில்லை. ஒன்றாம் தேதி எனக்கு விடுப்பு முடிகிறது. அன்றிலிருந்து தினமும் காலையில் பாப்பாவைக் காப்பகத்தில் கொண்டுபோய் விடப்போகிறவர் அவர். நான் இல்லாத வண்டியில், அவரும் அவளும் மட்டும்.

வண்டி எதிலாவது மோதுவது யாருக்கும் நடக்கிறதுதான். அதற்காக நான் வீட்டை இரண்டாக்கிவிடமாட்டேன். உன்னிடம் சொல்லத் தெரிந்தவருக்கு என்னிடம் சொல்ல வாய் வரவில்லையே, அதுதான். நீயாவது 'அவகிட்ட சொல்லிடுங்க மாப்பிள்ளை' என்று ஒரு வார்த்தை சொன்னாயா? சொல்லியிருப்பாய் என்றே வைத்துக்கொள்கிறேன். எனக்கு இருப்பது ஒரே அண்ணன்.

பாப்பா உள்ளே இருந்தாளா இல்லையா என்பதை மட்டும் எழுது. ஒரு வரி போதும். ஒன்றாம் தேதிக்குள் வந்துவிட வேண்டும். என் அலுவலக விலாசத்துக்குப் போடு, விடுப்பில் இருந்தாலும் போய் வாங்கிக்கொள்வேன். எழுதுவதற்கு முன்னால் தயவுசெய்து அவரைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளாதே. கேட்டால் நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பதில் முடிவு செய்வீர்கள். நான் அதை நம்பிவிடுவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், அண்ணா. உன் மருமகள் நூறு வயது இருக்கவேண்டும் என்று அங்கிருந்தே வாழ்த்து.

உன் அன்புத் தங்கை