டீசல் வண்டிக்குத் தேனீ வரவில்லை, சித்தப்பா

என் பிரியமான சித்தப்பா,

முதலில் என் கண்ணில் பட்டது தேனீதான். தேனீ இல்லாதது என்று சொல்ல வேண்டும். ஸ்ரீரங்கத்தில் கோதை மாமி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திப் பின்கதவைத் தூக்கியதும், எதிர்வீட்டு மரத்திலிருந்து நாலைந்து தேனீக்கள் கிளம்பி வந்து நம் துளசிக் கூடைமேல் உட்காருமே, "டோல்கேட்டு ஆளுங்க வந்துட்டாங்க" என்பீர்களே, அவை அன்றைக்கு உட்காரவில்லை. பாதி தூரம் வந்தன. காற்றிலேயே கொஞ்சம் நின்றன. திரும்பிப் போய்விட்டன.

அன்றைக்குப் பூ வந்தது நம் வண்டியில் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. நம் ஸ்டேஷன் வேகனை இப்போது அண்ணன்தான் ஓட்டுகிறான். வேலை மாறவில்லை. திருவெள்ளறைத் தோட்டத்தில் இருட்டோடு மல்லிகையும் சம்பங்கியும் துளசியும் பறித்து, வெயில் ஏறும் முன்னே மாமியிடம் சேர்க்க வேண்டும். மாமியும் மருமகள்களும் பெருமாளுக்கு மாலை கட்டுவார்கள். கூடை சாயாமல் பிடித்துக்கொள்ள நான் பின்னால் உட்காருகிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு ஊர் உலகம் என்பது அந்தப் பின்கண்ணாடிதான். அதில் எதுவும் கடந்துபோன பிறகுதான் தெரியும்.

பெட்ரோல் விலை ஏறிக்கொண்டே போகிறது. நம் வண்டி குடிக்கிற குடி உங்களுக்குத் தெரியாததா? இப்படியே போனால் வண்டியை விற்றுவிட்டுப் பூவை பஸ்ஸில் போட வேண்டியதுதான் என்று அப்பா சொல்லிவிட்டார். பஸ் கூரைமேல் கோழிக் கூடையோடு வந்த பூவை மாமி தொடக்கூட மாட்டார். வண்டி போனால் மாமி வீடு போனது. மாமி வீடு போனால் தோட்டத்தை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது?

புத்தூரில் மெக்கானிக் காஜா பாயிடம், அடிபட்ட வேன் ஒன்றிலிருந்து கழற்றிய டீசல் இன்ஜின் இருக்கிறது. நம் வண்டியில் அப்படியே உட்காருமாம். வேறு ஆட்களும் கேட்கிறார்களாம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லச் சொன்னார்.

"பெட்ரோல் குதிரைண்ணே. டீசல் மாடு. ஒங்களுக்கு எது வேணும்னு நீங்களே சொல்லுங்க," என்றார் பாய்.

"நமக்கு மாட்டைத்தான் பாய் தெரியும்," என்றார் அப்பா.

அப்படிச் சொன்னாரே தவிர, இன்ஜினுக்குச் சரி என்று சொல்லவில்லை. இதற்காக நீங்களும் அப்பாவும் எத்தனை சண்டை போட்டிருப்பீர்கள். அப்பா டீசல் என்று வாயைத் திறந்தாலே, "அதுக்கு மண்ணச்சநல்லூர்ல ரைஸ் மில்லு மேல ஏறி உக்காந்துக்கலாம்ணே" என்பீர்கள். இப்போது எதிர்ப்பேச்சு பேச ஆளில்லை. அதுதான் அப்பாவுக்குச் சங்கடம் என்று நினைக்கிறேன். நீங்கள் இல்லாத இடத்தில் உங்களை ஜெயிக்க அவருக்கு மனசு வரவில்லை.

அதைப் பார்த்த பாய், டீசல் இன்ஜின் மாற்றிய ஸ்டேஷன் வேகன் ஒன்றைச் சில நாள் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார். பார்க்க நம்முடையது போலவே இருக்கும்.

அது எப்படி ஓடுகிறது என்று உங்களுக்குக் கேட்க ஆசையாக இருக்கும். சாவியைத் திருப்பியதும் கிளம்பாது. உள்ளே கம்பி சூடாகும்வரை காத்திருக்க வேண்டும். அண்ணன் அதற்குள் ஒரு கொட்டாவி விட்டுவிடுவான். கிளம்பிவிட்டால் கண்ணாடி, கதவு, என் பல் எல்லாம் சேர்ந்து ஆடும். கொள்ளிடம் பாலத்தில் துறையூர் பஸ் எங்களை முந்திக்கொண்டு போனது. கண்டக்டர் கையசைத்துவிட்டு வேறு போனார். நீங்களாக இருந்தால் அங்கேயே இறங்கி நடந்திருப்பீர்கள். ஆனால் ஒன்று, ஊற்றிய டீசல் குறையவே மாட்டேன் என்கிறது. கூடுதலாகக் கூடை ஏற்றினாலும் மேட்டில் முனகுவதில்லை. நம் வண்டி சமவெளியில் பறக்கும், சுமையோடு மேடு வந்தால் சிணுங்கும். இல்லையா?

இன்னொன்று, யாரிடமும் சொல்லாதது. அந்தச் சத்தத்தில் நான் என்ன செய்தாலும் முன்சீட்டுக்குக் கேட்காது. அதனால் பின்னால் உட்கார்ந்து பாடிக்கொண்டே போகிறேன்.

இப்படி இரண்டு வண்டியின் நல்லது கெட்டதையும் மனசுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேனீயை எந்தப் பக்கம் வைப்பது என்றுதான் தெரியவில்லை. அண்ணனிடம் சொன்னேன்.

"நீ வேணா தேனீகிட்ட போயி பெட்ரோலா டீசலான்னு கேட்டுட்டு வா," என்றான். அப்புறம், மழை வரும்போல இருக்கிறது, அதனால் இருக்கும் என்றான். மழை வரவில்லை. மறுநாள் தேனீயும் வரவில்லை.

பூவில் டீசல் வாடை ஏறியிருக்குமோ? முகர்ந்து பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் யார் முகர்வது? பெருமாளுக்குப் போகிற பூவை நம் வீட்டில் யாரும் முகர்ந்ததில்லை. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பறிப்பாள். மாமி வீட்டில் மூக்கைத் துணியால் மறைத்துக்கொண்டு கட்டுகிறார்கள். தோட்டத்திலிருந்து சன்னிதி வரை எத்தனையோ கை மாறுகிறது, ஒரு மூக்குகூடப் பக்கத்தில் போவதில்லை. வாடை இருந்தால் முதலில் தெரியப்போவது பெருமாளுக்குத்தான். இது தோன்றியதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் பயம் வந்தது.

உரச்சாக்கில் பூ கொண்டுவந்த ஒருவரிடம் மாமி சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "பெருமாளுக்கு ஆகாத புஷ்பம்னு ஒரு தரம் பேர் வந்துடுத்துன்னா, அப்புறம் இந்த வாசல்ல கூடை எறக்கப்படாது." மெதுவாகத்தான் சொன்னார். அந்த ஆள் மறுபடி வரவே இல்லை.

கிணற்றடி மல்லிகைச் செடியை வீட்டுப் பெண்கள் தலையில் வைப்பதற்கென்றே விட்டிருக்கிறோமே, அதில் ஒரு கை அரும்பு பறித்தேன். மற்றப் பூவை மூடுவதுபோலவே ஈரத்துணியில் முடிந்து, கூடைகளுக்கு நடுவே வைத்தேன். அது எனக்கென்று பறித்தது. நான் முகரலாம். ஸ்ரீரங்கம் போய்த் திரும்பி வந்து முடிச்சை அவிழ்த்துப் பார்த்தேன். சித்தப்பா, காஜா பாயின் கைக்குட்டையை மூக்கில் வைத்த மாதிரி இருந்தது.

வாயைத் திறந்து சொல்ல எனக்கு வரவில்லை. அந்த அரும்பையே தொடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, சாயங்காலம் அப்பாவுக்குச் சோறு போட்டேன். ரசம் ஊற்றக் குனிந்தபோது அப்பாவின் கை நின்றது.

"அடுப்புல என்னத்த ஊத்துனீங்க?"

"ஒண்ணும் ஊத்தலையே," என்றாள் அம்மா.

"டீசல் நாத்தம் அடிக்குதே."

நான் திரும்பி நின்று தலையைக் காட்டினேன். பிறகு தேனீயிலிருந்து ஆரம்பித்துப் பாதி பேச்சும் பாதி சைகையுமாகச் சொல்லி முடித்தேன். அப்பா முழுதும் கேட்டார். அப்புறம் சிரித்தார். நீங்கள் போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"பாத்தியா? போயும் ஜெயிச்சுட்டான் எந்தம்பி. பாய்கிட்ட வேணாம்னு சொல்லிருவோம்."

வேண்டாம் என்றால் வண்டியை விற்க வேண்டும் என்பதுகூட அந்த நேரம் அவருக்கு மறந்துபோனது. கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்.

நான் அதோடு விட்டிருக்கலாம். நீங்கள் ஜெயித்தால் எனக்கும் சந்தோஷம்தானே. ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. புகைக்குழாய் வண்டிக்கு வெளியே, அடியில் இருக்கிறது. வண்டி முன்னால் போகிறது. புகை பின்னால்தானே போக வேண்டும்? கூடைக்குள் எப்படி வந்தது?

மறுநாள் தலையில் கட்டுகிற ரிப்பன் ஒன்றைக் கையோடு எடுத்துப் போனேன். பூ புழுங்காமல் இருக்கப் பின்கதவை ஒரு சாண் தூக்கிக் கயிறு கட்டிவிட்டு ஓட்டுவது நீங்கள் செய்து வைத்த ஏற்பாடு. நம் வண்டியின் மேல் கம்பியில் நீங்கள் போட்ட முடிச்சு இன்னும் அப்படியே இருக்கிறது. அண்ணன் கீழ் நுனியை மட்டும்தான் கட்டுவான், அவிழ்ப்பான். மேல் முடிச்சை யாரும் தொடுவதில்லை. பாய் வண்டியிலும் அவன் வேறு கயிற்றால் அதே மாதிரி கட்டியிருந்தான். அந்த ஒரு சாண் இடைவெளியில் ரிப்பனைப் பிடித்தேன். வெளியே பறக்கும் என்று நினைத்தேன். உள்ளே பறந்தது. வேகம் கூடக்கூட இன்னும் உள்ளே வந்து என் முகத்தில் அடித்தது.

அப்படியென்றால் நம் பெட்ரோல் வண்டியிலும் புகை உள்ளேதான் வந்திருக்கும். வாடை கம்மி என்பதால் தேனீக்கள் பொறுத்துக்கொண்டனவா? பின்னால் உட்கார்ந்து வந்தால் எனக்கு அடிக்கடி தலை வலிக்குமே, வெயில் என்று அம்மா சொல்வாளே, அது வெயில்தானா?

"பின்கதவ மூடிடுண்ணா. பக்கத்துக் கண்ணாடிய எறக்கிக்கலாம்," என்றேன்.

"பூ வெந்து போயிரும் புள்ள."

"ஒரு நாள் பாக்கலாம்ணா. ஈரச்சாக்க ஜன்னல்ல தொங்க விடலாம்."

நான் இவ்வளவு பேசியதில் திகைத்துப்போய்த்தான் அவன் ஒப்புக்கொண்டான் என்று நினைக்கிறேன். மறுநாள் கதவை மூடிக்கொண்டு போனோம். சாக்கு காய்ந்ததும் வழியில் ஒரு குழாயடியில் நிறுத்தி நனைத்துக்கொண்டோம். மாமி வீட்டு வாசலில் கதவைத் தூக்கிவிட்டு நான் எதிர்வீட்டு மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். முதலில் ஒன்று வந்தது. துளசிக் கூடையின் விளிம்பில் இறங்கி நடந்தது. அப்புறம் மற்றவையும் வந்தன. அன்றைக்கும் கொண்டுபோன என் அரும்பு முடிச்சில் மல்லிகை வாசனை மட்டும்தான் இருந்தது.

"ஏண்டிம்மா, ஈரச்சாக்கெல்லாம் கட்டிண்டு புஷ்பத்துக்குப் பல்லக்கு மாதிரின்னா கொண்டு வந்திருக்கே," என்று மாமி சிரித்தார்.

இதை அப்பாவிடம் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. உங்களுக்குக் கொடுத்த வெற்றியை நான் போய்த் திரும்பக் கேட்பதுபோல. வியாழக்கிழமை சாயங்காலம் அவர் நம் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். போய் நின்றேன்.

"அப்பா, இன்ஜின் இல்லப்பா. கதவுதான்."

ரிப்பனையும் சாக்கையும் பற்றிச் சொன்னேன். அப்பா குறுக்கே பேசாமல் கேட்டார். உங்கள் முடிச்சை அண்ணாந்து பார்த்தார்.

"அப்ப அவன் சொன்னது தப்பா?"

"சித்தப்பா சொன்னது வேகத்தப் பத்திப்பா. அது சரிதான். பஸ்ஸே நம்மள முந்துதே."

நான் சொன்னது சரிதானா, சித்தப்பா? நீங்கள் பூவைப் பற்றி ஒரு நாளும் வாதாடியதாக எனக்கு ஞாபகம் இல்லை. பறப்பதைப் பற்றித்தான் பேசுவீர்கள்.

வாசலில் இருந்த அம்மாதான் முடித்து வைத்தாள். மெதுவாகப் போனால் என்ன, இன்னும் கொஞ்சம் முன்னாடியே எழுந்து பறித்தால் ஆயிற்று என்றாள். "ஒங்க தம்பி ஓட்டுன ஓட்டத்துக்கு நான் வேண்டாத சாமி இல்ல. அதுங்களும் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்."

அப்பா சிரிக்கவில்லை. ஆனால் தலையை ஆட்டினார். காலையில் நம் வண்டியை இன்ஜின் மாற்றப் புத்தூரில் பாயிடம் விட்டுவிடலாம் என்றார். கயிற்றை இனிமேல் வைத்திருக்க வேண்டியதில்லை என்றும் சொன்னார். அவர் அவிழ்க்கவில்லை. உள்ளே போய்விட்டார். அண்ணன் அரிவாளால் அறுத்துவிடட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

உங்களுக்கு என்மேல் கோபமா? இருந்தாலும் இருக்கட்டும். ஒன்று மட்டும் உறுதி சொல்கிறேன். கிணற்றடிச் செடியின் அரும்பு ஒரு கை, தினமும் கூடைகளுக்கு நடுவே ஸ்ரீரங்கம் போய்வரும். உங்கள் படத்துக்கு வைப்பது இனி அந்தப் பூதான். நான் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வைப்பேன். பெருமாள் கோபித்துக்கொண்டாலும் நீங்கள் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்.

அடுப்படியிலிருந்து முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வண்டிக்குப் பின்னால் போட்டு ஏறினேன். முடிச்சு தூசியில் இறுகிப் போயிருந்தது. கொண்டை ஊசியால் மெதுவாக நெம்பி, அறுக்காமல், அவிழ்த்தேன். இறங்கிப் பின்கதவை மூடினேன்.

பின்னால் உட்கார்ந்து வரும்
உங்கள் அண்ணன் மகள்,
வளர்மதி