விலாசம் சரியில்லையாம்

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே வெயில். ரவிக்கை ஏழு, ஸ்கூல் சட்டை இரண்டு. மெரூன் நூல் தீர்ந்துவிட்டது.

எதிர்வீட்டு வசந்தா மூன்று தடவை வந்துவிட்டாள். மகள் திவ்யாவின் ஒரிஜினல் சர்டிபிகேட் கூரியரில் வர வேண்டும். வெள்ளிக்கிழமை திருப்பதியில் கவுன்சலிங். எங்கள் தெருவில் பாதி வீட்டுக்கு எண்ணே கிடையாது. அதனால் மெயின் ரோட்டில் இருக்கும் என் தையல் கடைதான் எல்லோருக்கும் விலாசம். என் நம்பர்தான் எல்லோருக்கும் நம்பர்.

"வந்துச்சாக்கா?"

"வந்தா நானே ஓடியாறேன். போய் சோறு துன்னு, போ."

ஜூன் 10, செவ்வாய்

பதினோரு மணிக்கு மெசேஜ். பார்சலுக்கு விலாசம் சரியில்லை, இன்றைக்குள் திருத்தாவிட்டால் திரும்பிப் போய்விடுமாம். கீழே லிங்க். திவ்யாவுடையதுதான் என்று நினைத்துவிட்டேன். தொட்டேன். பெயர், ஊர், ஐந்து ரூபாய் கட்ட கார்டு நம்பர். ஓடிபியும் போட்டேன்.

இரண்டு நிமிடத்தில் நாலாயிரம் போய்விட்டது.

மதியம் டெலிவரி பாபு வந்தான். கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டு, பாதி தெலுங்கில் கத்தினான்.

"ஏமிக்கா இது? எனக்கா அட்ரஸ் தெரியாது? தினம் உங்க கடையிலதானே தண்ணி குடிச்சிகினு போறேன்! ஏதாச்சும்னா போன் பண்ண மாட்டேனா?"

அது எனக்கு ஏன் தோன்றவில்லை? முட்டாள். பேங்குக்கு ஓடி கார்டை நிறுத்தினேன். சைபர் புகாரும் கொடுத்தாயிற்று. மிச்சப் பணம் தப்பியது.

ஜூன் 11, புதன்

தூக்கமில்லை. வெட்கம். யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். நாளை இதே மெசேஜ் வசந்தாவுக்கு வந்தால்?

புடவைப் பெட்டி அட்டையில் தமிழிலும் தெலுங்கிலும் எழுதி வாசலில் மாட்டிவிட்டேன்.

நான் ஏமாந்தேன். நீங்கள் ஏமாற வேண்டாம்.
லிங்க்கைத் தொடாதே.
பார்சலுக்கு என்று கார்டு நம்பர், ஓடிபி கேட்டால் திருடன்.
இன்றைக்கே, உடனே என்று அவசரப்படுத்தினால் சந்தேகப்படு.
பாபு போன் செய்வான். மெசேஜ் அனுப்ப மாட்டான்.

இனி ஆர்டர் போடுகிறவர்கள் கடை நோட்டில் எழுத வேண்டும். நோட்டில் இல்லாத பார்சல், பார்சலே இல்லை.

வாசலில் ஒருத்தி: "ஊரு பார்சலெல்லாம் பாத்துக்கினு இருக்கிறவ, இவளே ஏமாந்துட்டாளா?" காதில் விழுந்தது. அட்டையைக் கழற்றவில்லை.

ஜூன் 12, வியாழன்

தூறல். சர்டிபிகேட் வந்துவிட்டது. பாபு தண்ணீர் குடித்துவிட்டுப் போனான். வசந்தா அழுதேவிட்டாள்.

கண்ணைத் துடைத்த கையோடு திவ்யாவுக்குப் பை ஆர்டர் போட போனை எடுத்தாள். இனி உன் நம்பரையே போட்டுக்கொள் என்றேன்.

"எதுக்குக்கா? ஏமாந்துட்டு அத்த அட்டையில எழுதி மாட்டுனவ நீ. உன்னவிட உஷாரா யாரு இருக்கா இங்க?"

என் நம்பரின் பத்து இலக்கத்தையும் என்னைக் கேட்காமலே போட்டாள். பிறகு நோட்டை இழுத்து எழுதினாள்.